கல்லடி இப்ப காசுக்காரர் ஊரா? எங்கட குறுக்கை எண்ணிப் பாத்தன்

2025 பெப்ரவரி 9, இரவு

“கல்லடியில இப்ப ஏழைப்பட்ட, இல்லாத ஆக்கள் எண்டு ஆருமில்ல. பழைய சனம் எல்லாம் வித்துப்போட்டுப் போயிட்டு, இரிக்கிறது முழுக்க வெளியால இருந்து வந்த காசுக்காரர்தான். பொய்யெண்டா ஆராவது சொல்லுங்க பாப்பம்.” பொங்கலுக்கு ஊருக்கு வந்து போன ஒரு தம்பி போட்டது இது. கொழும்பில வேல எண்டுறார்.

தம்பி, நான் சொல்லுறன். மட்டக்களப்புக் கல்லடியில கடல் பக்கத்துக் குறுக்குத் தெரு ஒண்டுல மூலைக்கடை எங்கட. 78 நவம்பர் சூறாவளி அடிச்ச அடுத்த வருசம், தென்னையெல்லாம் விழுந்து கிடந்த வளவுக்குள்ள தகரம் அடிச்சுத் தொடங்கின கடை. மெயின் றோட்டுல இருந்து கடல் மட்டும் போற குறுக்கு, ஆர் வந்தாலும் ஆர் போனாலும் கடைக்கு முன்னாலதான் போகணும். நீங்க ரெண்டு நாள் பாத்ததை நான் ஒவ்வொரு நாளும் காலம்பற அஞ்சரைக்குப் பலகை திறந்ததுல இருந்து பாக்கிறன்.

உங்கட கதை பாதி சரி. எந்தப் பாதி எண்டு எண்ணிட்டு வந்து சொல்லுறன்.

2025 பெப்ரவரி 10, பகல்

கடையில மகளை இருத்திப்போட்டு நடந்தன். மெயின் றோட்டுல இருந்து கடல் மணல் மட்டும் 31 கேற். மாமா, மனுசிட தகப்பன், கடை போடேக்க இதே குறுக்கில 11 வளவுதானாம், எல்லாம் கிடுகு வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டா அங்கால ஆணம் என்னெண்டு மணத்திலயே தெரியுமாம். இப்ப மதில். நாய் குலைக்கிறதை வச்சுத்தான் ஆள் இரிக்கு எண்டு தெரியும்.

31ல 17 பழைய ஆக்கள், 14 வெளியாக்கள். கேற்றில இரிக்கிற பேரை வச்சுத்தான் எண்ணின நான். கிட்டத்தட்டப் பாதி. தம்பி சொன்னது கொஞ்சம் கூட்டித்தான், ஆனா அடியோட பொய்யில்ல.

2025 பெப்ரவரி 10, இரவு 11 மணி தாண்டி

மேல எழுதினதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிக்கிறா. “அந்த 14ல அஞ்சு எங்கட குமருகள்ட வீடெலுவா. கேற்றில மருமகன்ட பேர் கிடக்கு எண்டு வெளியாக்கள் ஆக்கிட்டிங்களா? அப்ப நீங்க எந்தக் கணக்கு? களுவாஞ்சிக்குடியில இருந்து 99ல பெட்டியோட வந்து இறங்கின ஆளை 17க்குள்ள போட்டிருக்கிங்க.”

வாய் அடைச்சுப்போச்சு. உண்மைதான், நான் எண்ணேக்க என்னையப் பழைய ஆளாத்தான் எண்ணியிரிக்கன். கடை மாமாட, வளவு மாமிட, உறுதி மனுசிட பேரில. நான் பிறந்த வீடு களுவாஞ்சிக்குடியில என்ட தங்கச்சிக்குப் போய் அங்க அவட மாப்பிள்ள இரிக்கான், அவனும் அந்தத் தெருவுக்கு வெளியாள்தான்.

ஆனபடியா திருத்தம்: 22 பழைய ஆக்கள், 9 வெளியாக்கள்.

2025 பெப்ரவரி 11

கனடாவில இருந்து ஒரு அண்ணன் இதென்ன முறை எண்டு கேக்கிறார், யாழ்ப்பாணத்துப் பக்கம் சீதனம் எண்டா காசும் நகையும் காணியும் கலந்து வருமாம். இஞ்ச வீடு. பொம்புளப் புள்ள பிறந்தா அண்டையில இருந்து கல்லறுக்கத் தொடங்கணும். மாப்பிள்ள வந்து பொம்புள வீட்டுல இரிப்பான். மூத்தவளுக்குப் பெரிய வீட்டக் குடுத்துப்போட்டு தாயும் தகப்பனும் பின்னுக்கு ஒரு அறையையும் குசினியையும் போட்டுக்கொண்டு ஒதுங்குவாங்க, மறுகா ரெண்டாமவளுக்கு எண்டு பக்கத்தில இன்னொண்டு. குடி எண்ட வம்சக் கணக்கும் தாய் வழியாலதான். மாமிட வளவு மாமிட தாய்க்கு வந்தேக்க 40 பேர்ச். மூண்டு பொட்டப்புள்ளைகளுக்குப் பிரிச்சு, மாமிக்கு வந்ததை மாமி ரெண்டு மகளுக்குப் பிரிச்சு, இப்ப நாங்க இருக்கிறது கடையும் சேத்து 7 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைய.

11 வளவு 31 கேற் ஆனது ஆரும் வந்து நெருக்கினதால மட்டுமில்ல, நாங்களே பிரிச்சுப் பிரிச்சுத்தான். வாக்காளர் இடாப்பில ஆம்புளைகள்ட பேரை மட்டும் பாத்தா முழுக்கப் புது ஊர். பொம்புளைகள்ட வழியால பாத்தா 22 கேற்றும் அந்தப் பழைய 11 வளவுக்குள்ளதான் நிக்குது.

2025 பெப்ரவரி 14

பக்கத்து முஸ்லிம் ஊர் காத்தான்குடியில இருந்து ஒரு நானா எழுதியிரிக்கார்: “தம்பி, இத நீங்க புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி எழுதுறீங்க. எங்கட ஊர்லயும் இதுதான். வாப்பா வீட்டுக்கு மேல தட்டுப் போட்டு ரெண்டாவது மகள், அதுக்கு மேல மூண்டாவது மகள். உங்களுக்குக் காணி இருந்திச்சு, பக்கத்தால போனீங்க. எங்களுக்கு இல்ல, மேலால போனம்.”

அவர் சொல்லுறது அச்சாச் சரி. சாமான் எடுக்கக் கிழமைக்கு ரெண்டு தரம் காத்தான்குடிக்குப் போற ஆள் நான். நாவற்குடாவால போகப் போக மதில் நெருங்கி, காத்தான்குடிக்குள்ள பூந்தா ஆகாயமே ஒரு கீலமாத்தான் தெரியும். சண்டை பிடிச்ச காலத்திலயும் சரி, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆளையாள் முறைச்சுக்கொண்டு திரிஞ்ச மாசங்கள்லயும் சரி, ரெண்டு பக்கமும் மகளுக்கு வீடு கட்டுறதை மட்டும் ஒரே மாதிரித்தான் செஞ்சிரிக்கம்.

2025 பெப்ரவரி 23, ஞாயிறு

இண்டைக்குக் கொப்பி எடுத்தன். காசுக்காரர் ஊரா இல்லையா எண்டதை மதிலைப் பாத்துச் சொல்ல ஏலாது, கடன் கொப்பிதான் சொல்லும்.

மாமாட கொப்பி எல்லாம் இல்ல. சுனாமிக்குக் கடைக்குள்ள நெஞ்சு மட்டும் தண்ணி வந்தது, கீழ்த் தட்டுல இரிந்ததெல்லாம் கூழ். மேல் தட்டுல ஊதுபத்திப் பெட்டிக்குப் பின்னால இரிந்தது தப்பிச்சிது, 1997ல இருந்து இரிக்கு. 80 பக்கச் சிஆர் கொப்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பக்கம், பேர் எழுதமாட்டார். “கிணத்தடி”, “பறங்கிப் பாஸ்”, “ரெண்டு நாய்”, “கச்சேரி ஐயா” எண்டுதான் தலைப்பு.

97ல “கிணத்தடி” பக்கம் ஒண்டைப் பாருங்க: அரிசி ரெண்டு கொத்து, சீனி 100 கிராம், தேயிலை ஒரு சுருள், மண்ணெண்ணெய் அரைப் போத்தல். அடுத்த நாளும் அதே. அதுக்கு அடுத்த நாள் தோணி போகல போல, சீனி 50 கிராம். கரைவலை இழுத்துக் கிடைக்கிற காசு அண்டைக்கு அண்டைக்கு, அதனால வாங்கினதும் அண்டைக்கு அண்டைக்கு. “கச்சேரி ஐயா”, அரசாங்க உத்தியோகத்தர், மாசத்துக்கு ஒரு தரம், 25ஆம் திகதிக்குப் பிறகு, ஒரே வரியில ஒரு மாசச் சாமான். அப்ப குறுக்கில மாசச் சம்பளம் எடுக்கிற வீடு நாலு, மிச்சமெல்லாம் நாள்க்கூலி, கடல், ஓடாவி வேல, மேசன் வேல.

மறுகா 2005 கொப்பி. கையெழுத்து என்ட, மாமாக்கு அந்தக் கடலுக்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கிட்டு. அரிசி வரியே இல்ல! நிவாரணம் குடுத்தாங்க, அரிசியும் பருப்பும் மாவும் வீட்டுல கிடந்தது. ஆனா போனுக்கு ரீலோட் காட்டும் சோடாவும் ஏறியிருக்கு. வெளிநாட்டு நிறுவனங்கள் டவுனெல்லாம் வீடெடுத்து ஒப்பீஸ் போட்ட காலம், இங்கிலிஷ் கொஞ்சம் தெரிஞ்ச பொடியன்மாருக்கு வாத்திமாரை விடக் கூடச் சம்பளம், லைசன்ஸ் இரிந்தவனுக்கு டபிள் கெப் ஓட்டுற வேல. குறுக்கில 6 பேர் அப்பிடி. அந்த 6 வீட்டுப் பக்கம் மட்டும் மாச வரியா மாறியிருக்கு. யுத்தம் முடிஞ்சு ரெண்டு மூண்டு வருசத்தில ஒப்பீஸ் எல்லாம் மூடிக்கொண்டு போக, 6ல 4 திரும்பவும் அண்டைக்கு அண்டைக்கு. மத்த ரெண்டு பேரும் வெளிநாடு.

இதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்ல. ஏறினது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஏறி இறங்கின வீடு மதிலோட நிக்கிறதால ஏறின வீடு மாதிரியே தெரியும்.

2025 பெப்ரவரி 24

நேத்து நெஞ்சு மட்டும் தண்ணி எண்டு எழுதினன். மனுசி சொல்லுறா இடுப்பு மட்டும்தானாம், நான் கட்டைப் பக்கம் குந்தி இரிந்ததால அப்பிடித் தெரிஞ்சிருக்குமாம். சரி, இடுப்பு.

2025 மார்ச் 2

கெம்பஸ் படிக்கிற ஒரு தம்பி கணக்குப் போட்டு அடிக்கிறார். மட்டக்களப்பு மாவட்டத்தில வறுமை 2012/13ல 19.4 வீதம், 2016ல 11.3 வீதம், “குறைஞ்சிருக்குத்தானே அண்ணே, நீங்க ஏன் ஒப்பாரி?” எண்டு.

ஒப்பாரி இல்ல தம்பி. குறைஞ்சதுதான், கொப்பியிலயும் தெரியுது. ஆனா அந்த வறுமைக் கோட்டையும் பாருங்க: 2016ல ஒரு ஆளுக்கு மாசம் 4,166 ரூபா. 30ஆல பிரிச்சா ஒரு நாளைக்கு 139 ரூபா. அண்டைக்கு 140 ரூபா செலவழிச்சவன் கோட்டுக்கு மேல, ஏழையில்ல. எங்கட குறுக்கில கோட்டுக்குக் கீழ இரிந்தவங்க எழும்பினதெல்லாம் அந்த மாதிரித்தான், ஒரு காய்ச்சல் வந்தாத் திரும்பக் கீழ.

இன்னொண்டு. நீங்க போட்ட அந்தச் சராசரி வருமானம், 2019ல இலங்கையில ஒரு வீட்டுக்கு மாசம் 76,414. அதே ஆய்வில வீடுகளை வரிசையா நிக்கவச்சு நடுவில நிக்கிற வீட்டப் பாத்தா 53,333தான். எங்கட குறுக்கில கடல் பக்கத்தால எட்டாவது வீட்டுக்கு மூத்தவன் சுவிஸ், ரெண்டாமவன் லண்டன். அந்த ஒரு வீட்டுக் காசைத் தூக்கி 31 கேற்றுக்கும் பிரிச்சா எல்லாரும் கொஞ்சம் காசுக்காரர்தான். அவங்க பிரிக்கமாட்டாங்க எண்டதுதான் பிரச்சின.

2025 மார்ச் 3

“கடல் பக்கத்தால எட்டாவது வீடு” எண்டு எழுதினதுக்கு அந்த வீட்டு அன்ரி கடைக்கு வந்துட்டா. அவட மகன் வாசிச்சுப்போட்டுப் போன் எடுத்தவராம். எட்டாவது இல்ல, வேற வீடு எண்டு சொல்லி ஒரு பக்கட் பிஸ்கட் குடுத்து அனுப்பினன். இனி நம்பர் சொல்லி எழுதமாட்டன்.

2025 மார்ச் 16

பெரிய பிழை ஒண்டு விட்டிருக்கன்.

நேத்து வீடு வீடா டெங்குக்குப் பாக்க வந்த பிள்ளை ஒரு கேற்றுக்குள்ள போய் அரை மணித்தியாலமா வரல. வந்த பிறகு கேட்டன், “அங்கிள், உள்ளுக்கு நாலு வீடெல்லோ” எண்டா. நான் ஒண்டு எண்டு எண்ணின கேற். முன்னுக்கு மேல்மாடி, பக்கத்தால ஒரு அனெக்ஸ், பின்னுக்குத் தகரம் போட்ட ரெண்டு அறை, ரெண்டு அறைக்கும் ஒரே கக்கூசு.

நான் தலையை எண்ணல, கேற்றை எண்ணியிரிக்கன். மதில் கட்டினவனைத்தான் எண்ணியிரிக்கன்.

இண்டைக்குத் திரும்ப நடந்தன், இந்த முறை அடுப்பு எண்ணினன். 47. அதாவது பூட்டிக் கிடக்கிற, கட்டி முடியாத முன்வீட்டையும் ஒண்டு ஒண்டாப் போட்டு 31, மிச்சம் 16 அடுப்பு வாடகைக்கு. அதில 5 கொஞ்சம் நல்லா இரிக்கிற ஆக்கள்: பெரியாஸ்பத்திரி நேர்ஸ்மார், வங்கியில வேல செய்யிற ஒரு குடும்பம், விபுலானந்த நிறுவகத்தில நடனம் சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் சேந்து எடுத்த அறை ரெண்டு. மிச்சம் 11 அடுப்பும் வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்தும் வாகரைப் பக்கத்தில இருந்தும் வந்த குடும்பங்கள், 2006, 2007ல யுத்தத்தால இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்துக்கு எண்டு நிண்டதும் இரிக்கு, பிறகு மேசன் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் எண்டு வந்ததும் இரிக்கு. முன்வீட்டு மேல்மாடி கட்ட வந்து பின்வீட்டுல வாடகைக்கு இரிக்கிற மேசன் ஒருத்தர் இரிக்கார், சொன்னா நம்பமாட்டிங்க.

இல்லாத ஆக்கள் போகல தம்பி. பின்னுக்குப் போயிருக்காங்க. றோட்டுல இருந்து பாத்தாத் தெரியாது.

என்ட கொப்பியில இரிக்கிற ஆக்களையே நான் எண்ண மறந்தது எப்பிடி எண்டுதான் யோசிக்கிறன். இந்த 11 அடுப்பும் ஒவ்வொரு நாளும் கடைக்கு வாற ஆக்கள். மேல்மாடிக்காரர் வாறதில்ல, அவங்க சூப்பர் மாக்கற்றுக்குப் போய் பேங்க் காட்டால கட்டுவாங்க, எனக்கிட்ட வாறது தீப்பெட்டிக்கும் ரீலோட்டுக்கும்தான். பாக்கப்போனா என்ட யாவாரம் நிக்கிறதே பின்வளவாலதான்.

2025 ஏப்ரல் 6

திராய்மடுவில இருந்து ஒரு அக்கா எழுதினதை அப்பிடியே போடுறன்: “தம்பி, நாங்க விக்கவுமில்ல, காசுக்காரர் எங்களத் துரத்தவுமில்ல. கடல் துரத்தின. மறுகா கடலுக்குக் கிட்ட 200 மீற்றருக்குள்ள கட்ட ஏலாதெண்டு அரசாங்கம் துரத்தின. எங்கள எந்தக் கணக்கில போடுவிங்க?”

எந்தக் கணக்கிலயும் போடல அக்கா, அதுவும் பிழைதான்.

2004க்கு முதல் குறுக்கில ஏழ்மை எந்தப் பக்கம் எண்டா கடல் பக்கம். மெயின் றோட்டுக்குக் கிட்ட உத்தியோகத்தர், கடலுக்குக் கிட்ட தோணிக்காரர், றோட்டைக் கடந்து ஆத்துப் பக்கம் போனா இன்னும் வசதி. கடல் காத்து தகரத்தைத் திண்டுரும், அங்க ஆர் வீடு கட்டுவான் எண்டு மாமி சொல்லுவா. டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கடைசி வீடுகள் ஒண்டுமில்ல, அத்திவாரம் மட்டும் மணலுக்குள்ள. பக்கத்துக் கரையோரம் நாவலடியும் டச்பாரும் பட்டதோட பாத்தா நாங்க பட்டது குறைவு, ஆனா எங்கட குறுக்கிலயும் போச்சு. மிஞ்சின ஆக்களைப் பாலம் தாண்டி டவுனையும் தாண்டி திராய்மடுவில குடியேத்தினாங்க. வீடு நல்ல வீடு. தோணி இஞ்ச, வீடு அங்க. மாமாட கொப்பியில இரிந்த “பறங்கிப் பாஸ்” குடும்பமும் அங்கதான் போனது, மனுசன் செஞ்ச மேசைதான் இப்பவும் கடையில தராசுக்குக் கீழ நிக்குது, ஒரு கால் கூட ஆடல.

அந்தக் காணிய ஒரு காலத்தில சும்மா குடுத்தாலும் ஆரும் எடுக்கமாட்டாங்க. பயம். பிறகு அந்த 200 மீற்றர் சட்டம் தளர்ந்திச்சு, யுத்தம் முடிஞ்சிது, 2013ல புதுப்பாலம் திறந்தாங்க. பழைய பாலத்தில ஒரு பக்க வாகனத்தை மறிச்சுப்போட்டுத்தான் மற்றப் பக்கம் விடுவான், பஸ்ஸுக்குள்ள இரிந்து வேர்த்துக்கொண்டு வாவியைப் பாக்கிறதுதான் வேல, புதுசு வந்த பிறகு டவுனுக்கு அஞ்சு நிமிசம். டவுனுக்குள்ள இரிந்தவங்கட கண் இஞ்சால திரும்பினது அப்பதான். இப்ப அந்தக் கடைசிக் காணியில நிக்கிறது கெஸ்ட் ஹவுஸ், வெள்ளைக்காரர் காலம்பற துவாயோட கடலுக்குப் போறாங்க. கடல் தெரியிற அறைக்குக் கூடுதல் வாடகை. அக்காட தாய் அதே கடலைப் பாத்துக்கொண்டு மீன் கருவாடு போட்ட இடம் அது.

அக்கா, நீங்க விக்கல எண்டு சொன்னிங்க, ஆனா அந்தக் காணிய ஆரோ வித்திருக்காங்களே, ஆர் எண்டு எனக்கு எழுத வேணாம், உங்களுக்குள்ள கேட்டுப்பாருங்க.

2025 ஏப்ரல் 8

கடைசி வரியை எழுதியிருக்கப்படாது. அக்காக்குக் கோவம் வந்திட்டு, சரியான கோவம். அவட தம்பி வருத்தத்தில கிடக்கேக்க வித்ததாம். மன்னிக்கணும் அக்கா.

2025 மே 4

“உங்கட பின்வளவு ஆக்களும் போன் வச்சிருக்காங்க, மோட்டச்சைக்கிள் வச்சிருக்காங்க, அப்ப என்ன ஏழ்மை?” எண்டு கேட்டவருக்கு.

அதுவும் லோன்தான் அண்ணே. செவ்வாய்க்கிழமை காலம்பற பத்து மணிக்குக் கடைக்கு எதிர்த்தாப்பல மாமரத்துக்குக் கீழ வந்து நிண்டு பாருங்க. நுண்கடன் கொம்பனிக்காரர் கிழமை லோன் அறவிட வாற நாள். பத்துப் பதினஞ்சு பொம்புளைகள் குழுவா நிப்பாங்க, ஒருத்தி கட்டாட்டி மத்தவங்க சேந்து கட்டணும், அதனால வீட்டுக்குள்ள ஒளிச்சவளை இழுத்துக்கொண்டு வாறதும் பக்கத்து வீட்டுக்காரிதான். செவ்வாய் காலம்பற என்ட கொப்பியில சாமான் வரி இல்ல, காசு வரிதான்: 500, 800, 1200. என்னட்டக் கடன் எடுத்து அங்க கட்டுறாங்க. அங்க கட்டின புண்ணியத்தில அடுத்த லோன், அதில ஒரு துண்டை என்னட்டக் கொண்டுவந்து தருவாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா நானும் அந்தச் சக்கரத்துக்குள்ள ஒரு பல்லுத்தான்.

2018ல 1 இலட்சத்துக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது, வறட்சி பட்ட மாவட்டங்கள்ல பொம்புளைகள் எடுத்ததுக்கு. எங்கட மரத்தடியில மூண்டு பேருக்குக் கிடைச்சிது. மத்தவங்களுக்கு ஒண்டுக்கு மூண்டு இடத்தில கடன், தள்ளுபடி ஆனது ஒண்டு, நிண்டது ரெண்டு.

2022 கொப்பிய எடுத்தா எனக்கே ஏலாது. மார்ச் மாசம் 400 கிராம் பால்மா 790 ரூபா எண்டு வந்த அண்டைக்கு “பால்மா” எண்ட சொல்லே கொப்பியில இருந்து போயிட்டு, பக்கட்டை வெட்டி 50 கிராம் 50 கிராமாச் சுருட்டி வித்தன். ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபால இருந்து 340. ஒரே இரவில. தோணியில கடலுக்குப் போறவன் எஞ்சினைக் கழட்டிக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள சீலை போத்து வச்சான். அந்த வருசம்தான் முதல் தரம் மேல்மாடி வீட்டு ஆக்களும் கொப்பியில பேர் போடக் கேட்டாங்க, ரெண்டு பேர். மற்ற ஆக்களுக்கு முன்னால கேக்கல, கடை பூட்டுற நேரம் வந்து.

2025 மே 18

ஒரு ஐயா கேக்கிறார் மேல்மாடிக்காரரெண்டாலும் சந்தோசமா இரிக்காங்களா எண்டு. சந்தோசம் எண்டதை எண்ண எனக்குத் தெரியா ஐயா, ஆனா ஆக்களை எண்ணினன். 31 முன்வீட்டுல 12ல வயசு போன ஒரு ஆளோ ரெண்டு ஆளோ மட்டும்தான். பிள்ளைகள் கனடா, சுவிஸ், கட்டார், இப்ப கொஞ்சப்பேர் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பாசை படிச்சுக்கொண்டு திரியிறாங்க. அங்க உழைக்கிறது இஞ்ச மதிலா நிக்குது. கடைசிச் சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு டெப்லட்டோட வந்த பிள்ளை கடைக்கு எதிர் வீட்டு ஆச்சியக் கேட்டது எனக்குக் கேட்டது, “வீட்டுல எத்தின பேர் அம்மா?” “நானும் நாயும் மனே.” அஞ்சு அறை வீடு.

81 கணக்கெடுப்பில மட்டக்களப்பு மாவட்டம் முழுக்க 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர், 2012ல 5 இலட்சத்து 26 ஆயிரம். இடையில 2001ல நாடெல்லாம் எண்ணேக்க எங்கட மாவட்டத்தில முழுசா எண்ண ஏலாமப் போச்சு. 31 வருசத்தில ஒரு ஊருக்குள்ள ஆர் செத்தான், ஆர் போனான், ஆர் வந்தான் எண்டதெல்லாம் அந்த ரெண்டு நம்பருக்கு நடுவில கிடக்கு. மாமாட கொப்பி ஒண்டு கீழ்த் தட்டுல இரிந்ததும் அதுக்குள்ளதான்.

ஆச்சிட கதைய முடிக்கல. அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக்காசுப் பதிவுக்கு வந்தவங்க வீட்டப் பாத்துப்போட்டு, தட்டு வீடு, டைல்ஸ் நிலம், ஏசி ஒண்டு சுவரில, சரி இது கிடையாது எண்டு போயிட்டாங்க. மகன் காசு அனுப்பி ஏழு மாசம், அங்க வேல போயிட்டு. ஏசி போட்டுக் கனகாலம், கரண்ட் பில்லுக்குப் பயம். ஆச்சி என்ட கொப்பியில இரிக்கா. தலைப்பு நான் சொல்லமாட்டன்.

பின்வளவில இரிக்கிற ஒருத்திக்குக் கிடைச்சிது, தொடக்கத்தில மாசம் 8,500, அது சரி, அவளுக்குக் கிடைக்கத்தான் வேணும். அந்தக் காசில ஆச்சிக்குப் பாண் வாங்கிக் குடுக்கிறதும் அவள்தான். இதை எந்தக் கூட்டில போட்டு எண்ணுறது?

2025 ஜூன் 1

அந்த 9 வெளியாக்கள் ஆர் எண்டு கேட்டுக் கேட்டு மூண்டு பேர் எழுதிட்டாங்க. வெளிநாட்டுல இருந்து வாங்கிப் பூட்டி வச்சிரிக்கிறது 2. கெஸ்ட் ஹவுஸ் 1. உத்தியோகத்தர் 2. மிச்சம் 4ம் படுவான்கரைப் போடிமார், பெரிய வயல்காரர், மகளுக்கு எண்டு வாங்கினது.

பாருங்க, வெளியாலயிருந்து வந்த காசு எண்டதிலயும் கிட்டத்தட்டப் பாதி சீதனம். பெரும்போகம் நல்லா விளைஞ்சா அந்த வருசம் கல்லடியில ஒரு காணி போகும், டவுனில நல்ல பள்ளிக்கூடம், நல்ல மாப்பிள்ள வாறதெண்டா டவுனில வீடு கேக்கிறாங்க, வயல் நடுவில வீடெண்டா உத்தியோகக்காரன் யோசிக்கிறான். மாமா 96ல கஸ்ரத்துக்கு 10 பேர்ச் வித்தவர். அண்டைக்கு 10 பேர்ச்சுக்கு வந்த காசுக்கு இண்டைக்கு ஒரு பேர்ச் இல்ல. அதை வாங்கினது ஒரு போடியார்தான்.

நாலுல ஒண்டு அரைகுறை. 2020 கடைசியில அத்திவாரம் போட்டாங்க, 2021ல ரசாயன உரம் கொண்டுவர ஏலாதெண்டு தடை வர வயல் படுத்திட்டு, தூண் எழும்பினதோட நிண்டது. மறுகா சீமெந்துப் பை 3000 ரூபாக்குக் கிட்டப் போக அந்த வீடு அப்பிடியே விட்டது விட்டதுதான், நாலு வருசமாத் தூணுக்கு மேல கம்பி நீட்டிக்கொண்டு நிக்குது, காகம் கூடு கட்டியிருக்கு. அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசினது தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில குழம்பிட்டு எண்டு கேள்வி. பெருமையா வந்து நிண்டு அளந்த போடியார் இப்ப வந்தாலும் கேற்றடியில நிண்டு பாத்துப்போட்டுப் போயிருவார், கடையில ஒரு நெக்டோ சோடா குடிப்பார், கதைக்கமாட்டார்.

2025 ஜூன் 2

“நெக்டோவுக்குக் காசு குடுப்பாரா” எண்டு கேட்டவருக்கு: குடுப்பார். மிச்சக் காசு வாங்காமப் போவார். போடியாரெலுவா.

2025 ஜூன் 29

முதல் எழுதின தம்பி திரும்ப வந்திரிக்கார். “அண்ணே, நான் சொன்னது பிழையெண்டு ஒத்துக்கொள்ளுறன், ஆனா நீங்களும் ஒண்டை மறைக்கிறிங்க. உங்களுக்கு ரெண்டு மகள் எண்டு எழுதினிங்க, 7 பேர்ச் எண்டும் எழுதினிங்க. உங்கட கணக்கு என்ன?”

ரெண்டு மகள் எண்டு நான் எழுதல, மாமிக்கு ரெண்டு மகள் எண்டுதான் எழுதின நான். ஆனா தம்பி குத்துமதிப்பா அடிச்சது சரியாப் பட்டுட்டு. எனக்கும் ரெண்டுதான். மூத்தவள் ஏஎல் எடுத்துட்டுக் கெம்பஸுக்குப் பாத்துக்கொண்டு இரிக்காள். “அப்பா எனக்கு வீடு வேணாம், படிக்கக் காசைத் தாங்க” எண்டுறாள். இப்ப அப்பிடித்தான் சொல்லுவாள் எண்டுறா தாய்.

காத்தான்குடி நானாட்ட சாமான் எடுக்கப் போனேக்க இதைச் சொன்னன். மனுசன் கல்குலேட்டரை வச்சுப்போட்டு, “நான் அண்டைக்கே எழுதினன்தானே, மேலால போங்க” எண்டார். அவருக்குத் தெரிஞ்ச மேசன் பாஸ் ஒருத்தர்ட நம்பரும் தந்தவர். போன் எடுத்துப் பாத்தா ஆர் எண்டு நினைக்கிறிங்க, எங்கட பின்வளவில வாடகைக்கு இரிக்கிற அதே ஆள்.

புதன்கிழமை வந்து பாக்கிறன் எண்டிரிக்கார், 79ஆம் ஆண்டு அத்திவாரம் ஒரு தட்டைத் தாங்குமா எண்டு. செவ்வாய் வர ஏலாதாம், மனுசிட லோன் நாளாம்.